காற்றுக்கு ஒரு பற்றுச்சீட்டு

மாங்குளம் சந்தியில் ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பினால்
மூன்றாவது கடை என்னுடையது.
ரயர் ஒட்டுவேன். காற்றடிப்பேன்.
சைக்கிளுக்குக் காசு வாங்குவதில்லை.
மோட்டார் சைக்கிளுக்கு ஐம்பது.
லொறிக்காரன் தந்ததை வாங்குவேன்.

டிலக்சனா வந்து
கொம்பிறசரை ஒரு கிழமைக்குக் கேட்டாள்.
கொழும்பில் சித்திரம் படித்தவளாம்.
"என்ன செய்யப்போறியள்?"
"ஒரு வீடு."
"எதால?"
"காற்றால."
நான் சிரிக்கவில்லை.
காற்றை விற்றுச் சாப்பிடுகிறவன்
எப்படிச் சிரிக்கிறது?

கூரையில்லாத சங்கக் கடைக்குள்
அகலப் பொலித்தீனை விரித்து
இஸ்திரிப் பெட்டியால் விளிம்பு விளிம்பாக ஒட்டினாள்,
நான்கு இரவு.
விசிறி ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் போதும் என்றாள்.
கரண்ட் நின்றால் வீடு விழுமே என்றேன்.
அதுதான் வேணும் என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
இல்லை, நிற்கட்டும் என்றாள்.

அனுமதிப் படிவத்தில் ஒரு நிரல்:
பயன்படுத்தும் பொருட்கள்.
பொலித்தீன், அறுபது யார்.
காற்று.
பொலிஸ்காரர் பேனையை அந்தச் சொல்லில் ஊன்றினார்.
"எவ்வளவு?"
அவள் என்னைப் பார்த்தாள்.
"அரை இறாத்தலும் வராது சேர்.
சைக்கிள் ரியூப் இதைவிட இறுக்கம்."
எழுதிக்கொண்டார்.
"எங்கையிருந்து எடுக்கிறீங்கள்?"
அதற்கு எங்களிடம் பதில் இல்லை.
ஆனி மாதம்.
சோளகம் ஏ-ஒன்பது வீதியைக் கூட்டி
நிலையத்து வாசலில் கொட்டிக்கொண்டிருந்தது.

முதலில் ஒரு மூலை அசைந்தது,
மாடு எழும்புகிற மாதிரி, பின்பக்கம் முந்தி.
பிறகு சுவர். பிறகு முகடு.
பிறகு எல்லாம் ஒரு பக்கம் சரிந்தது.
எங்கேயோ சீறுகிறது.
இனி இது என் வேலை.
சவர்க்காரத் தண்ணியில் துணி நனைத்துச் சுவரெல்லாம் தடவினேன்.
குமிழி வந்த இடம் ஓட்டை.
பதினொன்று.
சொலூசன் பொலித்தீனில் பிடிக்காது;
சிவப்பு ஒட்டுத் துண்டை வைத்து மேலே ரேப் சுற்றினேன்.
வடிவில்லையே, மறைக்கட்டோ என்றேன்.
தெரியட்டும் அண்ணை என்றாள்.

சனம் வந்தது, செருப்பைக் கழற்றிவிட்டு.
ஆரும் கழற்றச் சொல்லவில்லை.
மீன்பெட்டிக்காரர் கிறிஸ்தோகு
சுவரில் கையை வைத்து எடுத்து வைத்து எடுத்து
மூச்செடுக்குது என்றார்.
ஒரு பெடியன் கேட்டான்:
வெளியில இருக்கிறதும் இதுதானே?
ஒருத்தரும் மறுமொழி சொல்லவில்லை.
கறுத்தக் குடை பிடித்து வந்த ஒரு மனுசி
நடுவில் இருந்தாள்.
மூடும் நேரம் வந்தும் எழும்பவில்லை.

கடைசியாக நானும் உள்ளே போய்ச் சாய்ந்தேன்.
சுவர் என்னை மெல்லத் திருப்பித் தள்ளியது.

தடை இருந்த காலம் ரியூப் வராது.
ரயருக்குள் தும்பும் பழஞ்சேலையும் அடைத்து
நெடுங்கேணி மட்டும் உழக்கியிருக்கிறோம்.
காற்றில்லாத சில்லு
ஒவ்வொரு கல்லையும் முள்ளந்தண்டுக்கு எடுத்துச் சொல்லும்.
காற்று என்னத்துக்கு இருக்கிறதென்று
அந்த வீதியில்தான் படித்தேன்.
நிற்பதற்கில்லை.
இடையில் இருப்பதற்கு.

ஐப்பசியில் கொழும்பிலிருந்து அழைத்தாள்.
வீடு அங்கே பெரிய மண்டபத்தில் நிற்கப்போகிறதாம்.
மாங்குளத்துக் காற்று கொஞ்சம் அனுப்பச் சொன்னாள்.
ட்ரக்டர் பின்சில்லு ரியூப் ஒன்றை நிரப்பி
வால்வை முறுக்கி
பஸ்ஸின் தலையில் கட்டினேன்.
"அங்கை காற்றில்லையோ?" என்றான் கொண்டக்டர்.
ஆனாலும் பொதிக்கு ரிக்கற் கிழித்தான்.

நான் அடைத்தது எந்த ஊர்க் காற்று?
சோளகம் போய்விட்டது. வாடை இன்னும் பிடிக்கவில்லை.
அந்த நேரம் கடையைத் தாண்டிப்போன
கிளிநொச்சி லொறியின் புகையும் அதில் இருக்கும்.
அவளிடம் இதைச் சொல்லவில்லை.

கணக்குக் காட்டப் பற்றுச்சீட்டுக் கேட்டாள்.
ஒட்டு பதினொன்று, தொகை எழுதினேன்.
கொம்பிறசர் வாடகை, எழுதினேன்.
காற்று என்று எழுதி
பக்கத்தில் ஒரு கோடு போட்டேன்.
"கோடு எண்டால் இலவசமோ அண்ணை?"
"இல்லைப் பிள்ளை. அளக்கேல்லை."

அப்போது ஒரு லான்ட்மாஸ்டர் வந்து நின்றது,
முன்சில்லு வற்றி,
நெல்லு மூட்டையோடு ஒரு பக்கம் சரிந்து.
போனை வைத்துவிட்டு
ஜாக்கியை எடுத்தேன்.